பட்டைப்பூனை வாடை

மஞ்சமேட்டுக்கு மேல வேற ஊர் கிடையாது, மஞ்சும் வானமும்தான், அதனால கீழேயிருந்து வர்றது எதுவா இருந்தாலும் எங்க ஊர்ல வந்து நின்னுதான் ஆகணும், பஸ்ஸும் அப்படித்தான், காய்ச்சலும் அப்படித்தான், வாக்கப்பட்டு வந்த பொண்ணுங்களும் அப்படித்தான், ஒரு மாசி மாசம் முட்டைக்கோஸை மார்க்கெட்டுல இறக்கிட்டு வெறுமனே திரும்பின லாரியில சென்னியப்பன் ஏத்திக்கிட்டு வந்த கூண்டுகளும் அப்படித்தான்.

கூண்டுக்குள்ள இருந்தது நம்ம பக்கத்துச் சீவனே இல்ல. பூனையைவிடக் கொஞ்சம் பெருசு, மூஞ்சி கீரிக்கு இருக்கற மாதிரி, உடம்பெல்லாம் நல்லாக் கறுத்த முடி, நெத்தியில தொடங்கி முதுகு வழியா வாலு வரைக்கும் வெள்ளைவெளேர்னு பட்டை. அதோட இங்கிலீசுப் பேரை அவன் சொன்னான், எங்க யாரு வாயிலயும் நுழையல, பட்டைப்பூனைன்னே கூப்பிட்டோம். இதுகளைக் குளிர்ல வளத்து மார்கழியில தோலை உரிச்சா முடி பட்டாட்டமா வருமாம், பனி கொட்டற தேசத்துல பொம்பளைங்க போட்டுக்கற கோட்டுக்கு அதைத் தைக்கறாங்களாம், ஏஜெண்ட் ஒருத்தன் அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். "ஈமுக்கோழி மாதிரி ஆயிராதுல்லப்பா?"ன்னு டீக்கடை ராக்கியண்ணன் கேட்டதுக்கு, "பெரியவங்க நீங்க ஆசீர்வாதம் பண்ணினா ஆகாதுங்க"ன்னு சொன்னான் சென்னியப்பன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். கோயில் காரியம்னா முதல் ஆளா வந்து நிப்பான், எழவு வீடுன்னா பந்தல் போட்டுட்டுத்தான் டீ குடிப்பான், இவனாட்டம் ஒரு தங்கமான மனுசன் உண்டான்னு ஊரே சொல்லும்.

அவன் பொண்டாட்டி மயிலாத்தா. எங்க வீட்டுக்கு மூணு வீடு தள்ளித்தான் இருந்தா. நான் ஊருக்கு மாவு மில்லு நடத்தறவ, செல்லக்கான்னு எல்லாருக்கும் தெரியும், ஒரு படி ராகி அரைக்க வந்தாலும் நாலு வார்த்தை பேசிட்டுத்தான் போவாங்க. மயிலாத்தா மட்டும் பேசமாட்டா. சிரிப்பா. சித்திரை வெயில்லயும் முழங்கைக்குக் கீழ வரைக்கும் கை வெச்ச ரவிக்கைதான் போடுவா. கட்டுத்தரையில வழுக்கி விழுந்துட்டேன்னு ஒரு நாள் சொல்லுவா, கதவு இடிச்சிருச்சுன்னு ஒரு நாள் சொல்லுவா, அந்த வீட்டுக் கதவுக்கு இவ மேல என்னடி அவ்வளவு ஆத்திரம்னு நாங்க எங்களுக்குள்ள பேசிக்குவோம், அதோட விட்டுருவோம். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கறதுல எங்க ஊருக்காரங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது.

பட்டைப்பூனைக்கு ஆயுதம்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு. பயந்துச்சுன்னா திரும்பி நின்னு வாலைத் தூக்கும், பின்னாடியிருந்து ஒரு பீச்சு பீச்சும், அம்புட்டுத்தான், அழுகின முட்டையும் கருகின பூண்டும் டயர் எரிச்ச புகையும் ஒண்ணாச் சேந்த மாதிரி ஒரு நாத்தம் நெஞ்சுல வந்து உக்காந்துக்கும், சீயக்காய் போட்டாலும் போகாது, எலுமிச்சம்பழம் தேச்சாலும் போகாது. நாய் குரைச்சா பீச்சும், இடி இடிச்சா பீச்சும், கோயில்ல ரேடியோக் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டா பீச்சும். பஸ் கண்டக்டர் எங்க ஊர் ஆளுங்களைப் பாத்தாலே, "மஞ்சமேடெல்லாம் பின்னாடி ஏணியில தொத்திக்கங்க, உள்ள ஏறாதீங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. ஊர்க்கூட்டம் கூடுச்சு. ஒண்ணு நாத்தத்தை நிறுத்து, இல்லாட்டிப் பூனைங்களைக் கீழ தாட்டி விடுன்னு தர்மகர்த்தா அர்த்தநாரி சொல்லிட்டாரு. "ஊருக்குச் சங்கடம்னா எனக்கும் சங்கடந்தானுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான் சென்னியப்பன்.

ஆட்டுக்கிடாய்க்கும் காளைக்கும் காயடிக்கற பொங்கியண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பொங்கியண்ணன் எதுக்கும் அசராத ஆளு. ஒவ்வொண்ணா மடியில கவுத்துப் போட்டு, வாலுக்கடியில திராட்சைப்பழம் அளவுல இருந்த ரெண்டு பையையும் அறுத்தெடுத்து, சாம்பலை வெச்சு அமுக்கி விட்டாரு. சாயங்காலம் பாத்தா ஒரு வாளி நிறைய நாத்தப்பை. இதை என்ன பண்றது? எங்க பக்கத்துல மாடு கன்னு போட்டா நஞ்சுக்கொடியை நாய் வாயில விடமாட்டோம், வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல உசரமாக் கட்டுவோம், பால் மரத்துல கட்டினா மடியில பால் சுரக்கும், பட்டி பெருகும். வளக்கற சீவன் உடம்புலேர்ந்து வந்ததை மண்ணுல போட்டா ஆகாது. அந்த நினைப்புலதான் பொங்கியண்ணன் அந்தப் பைகளையும் வைக்கோல்ல பொதிஞ்சு, ஊருக்கு நடுவுல இருக்கற ஆலமரத்துல கொண்டுபோய்க் கட்டினாரு, சுத்தி நின்ன நாங்களும் பட்டி பெருகட்டும்னு ஒரு கும்பிடு போட்டோம்.

மயிலாத்தா மட்டும் புருசன்கிட்ட மெதுவாச் சொன்னா. "மாமா, அது பாலு சுரக்கற சாமானில்லீங்களே. குழி வெட்டிப் புதைச்சரலாமுங்களா?"

"நீ உள்ள போ"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான் சென்னியப்பன். நாங்களும் சிரிச்சோம். அவ உள்ள போயிட்டா.

பால் மரம் தன்கிட்டக் கட்டினதைச் சுரந்து குடுக்காம இருக்குமா? அந்த வாரமே குடுத்துச்சு. பூனைங்ககிட்டேர்ந்து நாத்தம் சுத்தமாப் போச்சு, நாத்தத்தோட சேந்து பயமும் போச்சு, நாய் மூஞ்சிகிட்ட வந்து குரைச்சாலும் தேமேன்னு பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க. ஆனா பள்ளிக்கூடத்துக்கு மேலதிகாரி வந்து ஜீப்பை விட்டு இறங்கினதும் எங்க தலைமை வாத்தியார் மேலேர்ந்து குப்புன்னு வந்துச்சு பாருங்க அந்த வாடை, அழுகின முட்டை, கருகின பூண்டு, டயர் புகை, எதுவும் குறையல. ஜீப்பு திரும்பிப் போனதும் வாடையும் போயிருச்சு. அடுத்ததா ராக்கியண்ணன். ஒத்தை யானையைக் கம்பு வெச்சு விரட்டினேன்னு வருசக்கணக்கா டீயோட சேத்துக் கதை விக்கறவரு, கூரையிலேர்ந்து ஒரு பல்லி அவரு தோள்ல விழுந்துச்சு, கடையில இருந்தவங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடி வந்தாங்க. "பல்லி நாறுதுப்பா!"ன்னாரு ராக்கியண்ணன். யாரு நம்பறது?

மஞ்சமேட்டுல பயந்தவங்க நாறுவாங்கன்னு ஆயிப்போச்சு. யாரும் அதைப் பத்தி ரொம்ப யோசிக்கல, மழை பேஞ்சா குடை எடுக்கற மாதிரி அதுக்குத் தக்கன மாறிக்கிட்டோம். யானைக்கு அந்த வாடை ஆகலைன்னு தெரிஞ்சதும் ஊர்லயே தொடைநடுங்கிங்களாப் பாத்துப் பொறுக்கி எடுத்துக் காட்டுக் காவலுக்குப் போட்டோம், அந்த வருசம் ஒரு கோஸ் சேதமில்ல, அவங்களுக்குக் கோயில்ல மாலை போட்டோம். பொண்ணு பாக்கப் போன எடத்துல மாப்பிள்ளை நாறினா நல்ல பையன்னு உடனே தட்டு மாத்தினாங்க, பொண்ணு நாறினா என்னமோ சரியில்லைன்னு தள்ளிப் போட்டாங்க. பரீட்சை நாள்ல பள்ளிக்கூடத்துக்கு ஊதுபத்தி வாங்கிக் குடுத்தோம். அப்புறம் அர்த்தநாரி ஊருக்குன்னு ஒரு முறை வெச்சாரு. கண்ட எடத்துல நாறினா அசிங்கம், யாருக்குப் பயம் வந்தாலும் விறுவிறுன்னு ஊருக்கு வெளிய இருக்கற களத்துக்குப் போயிரணும், அங்க நின்னு தீத்துட்டு, ஆறினதுக்கப்புறந்தான் ஊருக்குள்ள வரணும். நல்ல முறைதான்னு நாங்களும் ஒத்துக்கிட்டோம். களத்துல நாலு பேரு நாலு மூலையில நின்னுக்கிட்டிருப்போம், ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கமாட்டோம், எதுக்கு வந்தேன்னு கேட்டுக்கமாட்டோம், வெளிக்கி ஒதுங்கின எடத்துல கேக்கமாட்டோமில்ல, அந்த மாதிரி.

மயிலாத்தா ஒருத்தியாலதான் களத்துக்குப் போக முடியல. தினமும் பொழுதோட, இருட்டு கட்டற நேரத்துல, வேலைக்குப் போன சென்னியப்பன் வண்டி கீழே ஓடைப்பாலத்து வளைவுல திரும்பும்போது, வண்டிச் சத்தம் எங்க யாரு காதுக்கும் கேக்கறதுக்கு முன்னாடியே, அவன் வீட்டுலேர்ந்து வாடை கிளம்பும். புருசன் வர்ற நேரத்துல பொம்பளை வீட்டை விட்டுக் களத்துக்கு ஓட முடியுமா? அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே நாறுவா. மத்தவங்க வாடை ஒரு டீ குடிக்கற நேரத்துல அடங்கிரும், அவளோடது ராத்திரி சோறு தின்னு பாத்திரம் கழுவி விளக்கணைக்கற வரைக்கும் அடங்காது, ஒரொரு நாள் விடிஞ்சும் அடங்காது.

ஊரு என்ன பண்ணுச்சுன்னு கேக்கறீங்களா? நேரம் பாத்துக்குச்சு. வாடை கிளம்பினா பொழுதாச்சுன்னு அர்த்தம், மாட்டைப் புடிச்சுக் கட்டு, கோழியைப் பஞ்சாரத்துல மூடு, புள்ளைங்களை உள்ள கூப்பிடு. எங்க மில்லுல மாவு சலிச்சுக்கிட்டிருக்கற பொம்பளை நிமிந்து, "அய்யோ, மயிலாத்தா பயப்பட ஆரம்பிச்சுட்டா, நான் இன்னும் உலை வெக்கலை"ன்னு கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடுவா. சிரிப்பா வேற இருக்கும் எங்களுக்கு. கெரகம், இதைச் சொல்லும்போது இப்ப என் வாயில நானே போட்டுக்கணும் போல இருக்கு.

வாடை நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போச்சு. சொந்தபந்தம் ஒறம்பரைன்னு யாரு வந்தாலும் ஒரு வேளைக்கு மேல தங்கறதில்ல. அப்புறந்தான் இதுக்கு ஒரு வைத்தியம் பண்ணணும்னு ஊரு முடிவெடுத்துச்சு. யாருக்கு வைத்தியம்? அவளுக்குத்தான். பயந்த புள்ளைங்களுக்குப் பண்றதெல்லாம் அவளுக்குப் பண்ணினோம். பூசாரி வேப்பிலை அடிச்சாரு, மந்திரிச்ச தண்ணியை மூஞ்சியில சளீர்னு தெளிச்சாரு. இடுப்புல தாயத்துக் கட்டினோம். தலைமாட்டுல இரும்பு வெச்சுப் படுக்கச் சொன்னோம். பொம்பளைங்க நாலு பேரு போய், "மனசைத் தைரியமா வெச்சுக்க அம்மிணி, உன்னால ஊருக்கே தலைவலி, கொஞ்சம் பயப்படாம இருந்து பாரேன்"னு புத்தி சொன்னோம். சென்னியப்பன் வாசல்ல நின்னு எங்களுக்கெல்லாம் காப்பி குடுத்தான். "ஊரே நமக்காக எம்புட்டுச் சிரமப்படுது பாரு மயிலாத்தா"ன்னான். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வண்டிச் சத்தம் கேக்கும்போது பயப்படாம இருக்கறது எப்படின்னு யாராச்சும் சொல்லிக் குடுங்க, கத்துக்கறேன்"னா. நாங்க காப்பி டம்ளரைக் கவுத்து வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டோம். அன்னிக்கு ராத்திரி வந்த வாடையில ஆலமரத்துல அடைஞ்சிருந்த குருவியெல்லாம் கிளம்பிப் போயிருச்சு.

ஐப்பசி மாசம் அவ ஒரு தடவை தப்பிச்சுப் போகப் பாத்தா. மத்தியானம் என் மில்லுக்கு வந்து, ராகி மூட்டைங்களுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கிட்டா, காலையில முதல் பஸ்ஸுக்குப் போயிடறேங்கக்கா, அது வரைக்கும் விடுங்கன்னா. நானும் சரின்னேன். பொழுதோட அவன் வந்தான். வீட்டுல அவ இல்லைன்னதும் கத்தலை, தேடலை, நடுத்தெருவுல நின்னு மூக்கைத் தூக்கி மோந்து பாத்தான், அப்புறம் கடைக்குப் போறவன் மாதிரி நேரா நடந்து என் மில்லு வாசலுக்கு வந்துட்டான்.

"செல்லக்கா, எங்க வீட்டு வாடை இங்க அடிக்குதுங்களே"ன்னு சிரிச்சான்.

அவன் கண்ணைப் பாத்தேன். எனக்கும் வந்துருச்சு. தெருவுல நின்னவங்க அத்தனை பேருக்கும் வந்துச்சு, ஒவ்வொருத்தரா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு களத்துப் பக்கம் நழுவினாங்க, ஊர் முறை ஆச்சே, நானும் போனேன். நாங்க எல்லாரும் களத்துல நின்னு எங்க பயத்தைத் தீத்துக்கிட்டிருந்தோம், ஊருக்குள்ள ஒரே ஒரு வாடைதான் மிச்சம் இருந்துச்சு, அதை மோந்துக்கிட்டே அவன் மூட்டைக்குப் பின்னாடி போய், "வா மயிலாத்தா, சோத்துக்கு நேரமாச்சு"ன்னு கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் ஒரு வாரம் அவளை நாங்க பாக்கலை. அவ எங்க ஒளிஞ்சாலும் அவ பயமே அவளைக் காட்டிக் குடுத்துரும்னு அவனுக்கும் தெரிஞ்சு போச்சு, அவளுக்கும் தெரிஞ்சு போச்சு.

மார்கழி வந்துச்சு, குளிர் இறுகுச்சு, பட்டைப்பூனைங்களுக்கு முடி அடர்ந்து கறுகறுன்னு மின்னுச்சு. தைப்பொங்கல் நோம்பிக்குத் தோல் வாங்க ஆள் வர்றாங்கன்னு சென்னியப்பன் வேலைக்குப் போகாம உரிக்க உக்காந்துட்டான். நோம்பிக்கு மாவு அரைக்கச் சொல்ல வந்தவ மாதிரி மயிலாத்தா ஒரு நாள் காலையில என் மில்லுக்கு வந்தா. ஒரு கண்ணு வீங்கியிருந்துச்சு. மறைக்கலை.

"அக்கா, அதுங்களைப் போய்ப் பாத்தீங்களா?"ன்னா.

"எதுங்களைம்மிணி?"

"பூனைங்களைத்தான். அவரு கத்தியை எடுத்துக்கிட்டு கூண்டைத் திறந்து விடறாரு. ஒண்ணுகூட ஓட மாட்டேங்குது. தானா வந்து அவரு கால்கிட்ட உக்காருது. முதல்ல ஒண்ணை உரிச்சுப் பலகையில இழுத்து ஆணி அடிக்கறாரு, அதைப் பாத்துக்கிட்டே அடுத்தது வந்து உக்காருது." அவளுக்கு மூச்சு வாங்குச்சு. "நீங்கெல்லாம் என்னைப் பயப்படாதே பயப்படாதேங்கறீங்களே அக்கா. பயம் போனா இப்படித்தான் ஆகுமுங்க. தாயத்தை அவுத்து அடுப்புல போட்டுட்டேன். எனக்கு என் பயம் வேணும். இந்த நோம்பிக்குள்ள நான் போகலைன்னா அந்தக் கத்திக்கு நானுந்தான்."

நான் அவ கையைப் புடிச்சுக்கிட்டேன். இத்தனை வருசத்துல அவ அவ்வளவு பேசினதே இல்ல. நான் உக்காந்து அழுதேன், அழுது என்ன புண்ணியம், எந்திரிச்சு மில்லை ஓட்டினேன். நோம்பி மாவுக்காக ஊர்ப் பொம்பளைங்க பூராவும் வந்து உக்காந்திருந்தாங்க. மிசின் சத்தத்துல வெளிய ஒண்ணும் கேக்காது. நான் ஒரே ஒரு விசயந்தான் சொன்னேன். நாளைக்குப் பொழுதோட கோஸ் லாரி கிளம்பும்போது யாரும் களத்துக்குப் போகக் கூடாது.

"போகலைன்னா தெருவே நாறுமே"ன்னா ராக்கியண்ணன் பொண்டாட்டி.

"நாறட்டும்."

"பயம் வரலைன்னா என்னக்கா பண்றது?"

"வராதா? அவன் உன் வாசல்ல வந்து நின்னு சிரிச்சா உனக்கு வராதா? நீ தினம் களத்துல போய்க் கொட்டிட்டு வர்றியே, அது என்ன, பல்லிக்குப் பயந்ததா?"

ஒருத்தி மாவை அள்ளி அள்ளி ஒரே சட்டியில போட்டுக்கிட்டிருந்தா. அப்புறம் ராக்கியண்ணன் பொண்டாட்டி, "எங்க ஊட்டுக்காரரை நான் புடிச்சு வெச்சுக்கறேன், அவருதான் முதல்ல ஓடுவாரு"ன்னா. அப்பத்தான் எங்களுக்குக் கொஞ்சம் உசிரு வந்துச்சு.

மறுநாள் நோம்பி மார்க்கெட்டுக்குப் போற கோஸ் லாரி ஆலமரத்துக்குக் கீழ நின்னு லோடு ஏத்துச்சு. மூட்டைங்களுக்கு நடுவுல ஒரு ஆள் உக்காரக் குழி விட்டு அடுக்கச் சொல்லியிருந்தேன். மயிலாத்தா தண்ணிக்குடத்தோட வந்தா, குடத்தைக் குழாயடியில வெச்சா, வண்டிச் சக்கரத்துல கால் வெச்சு ஏறிக் குழிக்குள்ள இறங்கினா, மேல படுதாவை இழுத்துக் கட்டினோம். கட்டி முடிக்கறதுக்குள்ள படுதாவுக்குள்ளேர்ந்து வாடை கிளம்பிருச்சு. அவ என்ன பண்ணுவா பாவம். டிரைவர் சாவியைத் திருகறான், குளிருக்கு வண்டி பிடிக்கலை, கொர்ரு கொர்ருங்குது.

அவன் வந்துட்டான். பூனைக் கொட்டகையிலேர்ந்து அப்படியே எழுந்து வந்திருக்கான், கையில உரிக்கற கத்தி, முழங்கை வரைக்கும் கொழுப்பும் ரத்தமும். நடுத்தெருவுல நின்னு மூக்கைத் தூக்கினான். நேரா லாரியைப் பாத்து நடந்து வந்தான். ராக்கியண்ணன் பழக்க தோசத்துல களத்துப் பக்கம் திரும்பினாரு, அவரு பொண்டாட்டி தோள்ல கிடந்த துண்டை எட்டிப் பிடிச்சு இழுத்து நிறுத்தினா. அவன் லாரிகிட்ட வந்து, இடது கையைப் படுதா மேல வெச்சான்.

அப்ப எம் மேலேர்ந்து கிளம்புச்சு. குப்புன்னு. அடக்கலை, மறைக்கலை, அங்கேயே நின்னேன். ராக்கியண்ணன் மேலேர்ந்து கிளம்புச்சு. தண்ணி புடிக்க வந்தவங்க, மூட்டை தூக்கினவங்க, தலைமை வாத்தியாரு, ஒருத்தர் மாத்தி ஒருத்தரு. கோயில் வாசல்ல நின்ன அர்த்தநாரி, முறை வெச்ச மகராசன், அவரே வேட்டியைப் புடிச்சுக்கிட்டு நின்ன எடத்துல நாறினாரு. எத்தனையோ காளைக் கொம்புக்கு முன்னால அசராம உக்காந்த பொங்கியண்ணன் மேலேர்ந்து வந்துச்சு பாருங்க, இத்தனை நாளா அந்த மனுசன் மேல ஒரு துளி வாடை நாங்க கண்டதில்ல, அத்தனையும் ஒண்ணா வந்துச்சு. ஒரு வீடு பாக்கி இல்ல. கண்ணுல தண்ணி கொட்டுது, கொமட்டுது, நின்னோம்.

அவன் கையைப் படுதாவுலேர்ந்து எடுத்தான். இந்தப் பக்கம் மோந்தான், அந்தப் பக்கம் மோந்தான். என்கிட்ட வந்தான், பொங்கியண்ணன்கிட்டப் போனான், குழாயடிக்குப் போனான், எங்க போனாலும் ஒரே வாடை. அவ எங்கேன்னு அவனுக்குத் தெரியல. ஊரு நடுவுல வழி தெரியாம நின்னான்.

"ஏனுங்கக்கா"ன்னு என்னைப் பாத்துக் கேட்டான், குரலை ஒசத்தலை, எப்பவும் போல மெதுவாத்தான் கேட்டான். "எல்லாரும் இப்படி எதைப் பாத்துப் பயந்துக்கறீங்க?"

கத்தி என் கண்ணுக்கு முன்னால இருக்கு. சொன்னேன்.

"உன்னைப் பாத்துத்தான் சென்னியப்பா."

"ஆமாப்பா"ன்னாரு பொங்கியண்ணன்.

"ஆமா"ன்னா ராக்கியண்ணன் பொண்டாட்டி, அப்புறம் ராக்கியண்ணன், அப்புறம் வாத்தியாரு. இல்லைன்னு சொல்லுவாருன்னு அவன் அர்த்தநாரி மூஞ்சியைப் பாத்தான். அவரு குனிஞ்ச தலை நிமிராம, "ஆமா சென்னியப்பா"ன்னாரு. அந்நேரத்துக்குத்தான் லாரி பிடிச்சுது. டிரைவர் ஆரன் அடிச்சான், சென்னியப்பன் ஒதுங்கி வழி விட்டான், லாரி ஓடைப்பாலத்து வளைவுல இறங்கிப் போயிருச்சு.

தோல் வாங்க அந்த நோம்பிக்கும் யாரும் வரலை, அடுத்த நோம்பிக்கும் வரலை. அவன் இன்னமும் ஊர்லதான் இருக்கான். அவன் தெருவுல நடந்தா தெருவே நாறும், களத்துல இப்ப ராகி மட்டுந்தான் காயுது. எதிர்ல பாக்கறவங்களையெல்லாம் நிறுத்தி, அவ எங்க இருக்கா, சொல்லுங்கன்னு மெதுவாக் கேக்கறான். எங்களுக்குத் தெரியும். பயமாத்தான் இருக்கு. சொல்லமாட்டோம்.